மழைக்கு வலிக்கும் முட்டி

புதன்சந்தைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் அருணகிரி பழைய லாரி வாங்கி விற்கிறார். தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு வேப்பமரம், வேலி நெடுக வரிசையாக நிற்கும் வண்டிகள். போர்டு கிடையாது. போர்டு வைத்தால் நேற்றுக் கடை போட்டவன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி.

வியாபாரத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வருவார், டயரை எட்டி உதைப்பார், சேஸுக்கு அடியில் தலையை விட்டுப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவர் முகம் கறுக்க ஆரம்பிக்கும். குறையே இல்லாத பழைய வண்டியை நாமக்கல் பக்கத்தில் எவரும் நம்புவதில்லை. அந்த நேரம் பார்த்து அருணகிரி தாமாகவே குரலைத் தாழ்த்தி ஒரு குறையைச் சொல்லுவார். மூணாவது கியர் சித்தெ கடிக்கும், பொறகு சொல்லலைன்னு சொல்லக் கூடாது பாருங்க, என்பார். வந்தவர் முகம் தெளிந்துவிடும். இதையே மறைக்காமல் சொல்கிற மனுஷன் வேறு எதை மறைக்கப்போகிறார் என்று மனசு அடங்கிவிடும்.

சொல்வதற்கு நிஜக் குறை ஒன்றும் இல்லாத வண்டிகளும் வந்து சேரும். அவற்றுக்கு அருணகிரியே ஒன்றை உண்டாக்குவார். வாங்கியவர் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோவார், மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு கியரில் ஒன்றும் இல்லையே என்பார், வாங்கியவருக்கு இரண்டாவது முறையாகச் சந்தோஷம். இல்லாத குறையைச் சொல்லி விற்றதற்காக அருணகிரியிடம் இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. பணம் கொடுத்தவனை இரண்டு தடவை சந்தோஷப்படுத்தும் தொழில் இந்தச் சாலையில் வேறெதுவும் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்.

இந்த முறையை அவர் தம் அக்கா மகன் இளவழகனுக்கும் செய்து பார்த்ததுதான் விஷயம்.

இளவழகன் கால்பந்து ஆடிப் பிழைப்பவன். சேலம் அம்மாபேட்டைக்காரன், அப்பா வீட்டில் தறி. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, விளையாட்டு விடுதியில் வளர்ந்து, சென்னை லீகில் இரண்டு வருடம் அலைந்து, அங்கிருந்து தேசம் முழுக்கப் பல கிளப்புகளில் ஆடியவன். ஆடும் இடம் நடுக்களம், அதிலும் தடுப்பாட்டக்காரர்களுக்கு நேர் முன்னால். கோல் போடும் இடமல்ல, கோலைத் தடுத்துப் பேர் வாங்கும் இடமும் அல்ல. எதிரணிக்காரன் பந்தை எங்கே அனுப்ப நினைக்கிறானோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொள்வது, வந்த பந்தை வாங்கித் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு மறுபடி நிற்பது, அவ்வளவுதான் வேலை. அவன் ஆடிய ஆட்டங்களின் முக்கியக் காட்சிகள் என்று டிவியில் காட்டும்போது பெரும்பாலும் அவன் அதில் இருப்பதில்லை. அருணகிரி இதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். கிளட்ச் மாதிரி, வேலை செய்யும்வரை யாருக்கும் ஞாபகம் வராது என்றார்.

கிளட்சை யாரும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் பேசி எடுப்பதில்லை. இளவழகன் கையெழுத்துப் போட்டதெல்லாம் ஒரு வருடம், அல்லது ஒரு சீசன், அல்லது இன்னொருவன் கால் ஆறும்வரை. குழந்தை பிறந்த புதிதில் மனைவி சத்யபிரியா அவனோடு கொல்கத்தா போனாள். போன ஆறாம் மாதம் அந்த கிளப்பை இழுத்து மூடினார்கள். கைக்குழந்தையோடும் பித்தளைக் குடத்தோடும் ரயிலில் திரும்பி வந்தவள் அப்போதே சொல்லிவிட்டாள், இனி ஒரு வருடத்துக்கெல்லாம் பாத்திரம் கட்ட மாட்டேன், இரண்டு வருடம் என்று காகிதத்தில் காட்டுங்கள், அடுத்த ரயிலில் ஏறுகிறேன் என்று. அவள் அம்மாபேட்டை வீட்டிலிருந்தபடி ஃபோனில் லைவ் போட்டுச் சேலை விற்கிறாள். அந்த வியாபாரத்தை எங்கிருந்தும் செய்யலாம். மகள் அமுதவல்லிக்குப் பள்ளிக்கூடத்தை வருடா வருடம் மாற்ற முடியாது. அமுதுக்கு இப்போது எட்டு வயது. அப்பா என்பவர் மே மாதத்தில் வருகிறவர் என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இளவழகனுக்கு முப்பத்தொன்று. அந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு இன்னும் இரண்டு மூன்று சீசன் ஓடும். ஆடி முடித்த பிறகு குடும்பத்தோடு இருக்க ஆயுசு கிடக்கிறது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவனுக்கு ஆடும்போதே இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதுவரை ஆட்டம் முடிந்து அறைக்குத்தான் போயிருக்கிறான்.

அந்தச் சமயத்தில் மலபார் கரையில் புதிதாக ஆரம்பித்து, வந்த வேகத்தில் முதல் வரிசை லீகுக்கு ஏறிவிட்ட ஒரு கிளப், இளவழகனைக் கேட்டது. அவனுடைய பழைய ஏஜெண்ட் இளம் பையன்களைப் பிடிப்பதில் மும்முரமாகி, ஃபோனை எடுப்பதையே விட்டிருந்தார். ஆகையால் பேச்சுவார்த்தைக்கு அருணகிரி நியமனம் ஆனார். நியமித்தது அவரேதான்.

கிளப் சார்பில் பேச வந்தவர் அறிவுச்செல்வி. வீரர்களை எடுப்பது, விடுப்பது, ஒப்பந்தம் எல்லாம் அவர் பொறுப்பு. சொந்த ஊர் ஆத்தூர். உறவில் ஒரு காதுகுத்துக்கு வந்தவர், திரும்பும் வழியில் பேசிவிட்டுப் போகலாம் என்று சொன்னார். சேலத்தில் ஏதாவது ஓட்டலில் உட்காரலாம் என்றதற்கு அருணகிரி ஒப்புக்கொள்ளவில்லை. விக்கிற எடத்துலதான் பேசோணும் என்று சொல்லி, சுற்று வழியில் அவரைப் புதன்சந்தைக்கு வரவழைத்தார். வேப்பமரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கூடவே இளநீர்.

உட்காரும் முன்பே அருணகிரி மருமகனுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லியிருந்தார். தரகர் பேசும்போது வண்டிக்காரர் வாய் திறக்கக் கூடாது. லாரி வாங்க வருகிறவர்கள் முன்னால் சொந்தக்காரன் வாயைத் திறந்து கெட்டுப்போன பேரங்கள் பலவற்றை உதாரணமாகச் சொன்னார். இளவழகன் சரி என்றான். பேசாமல் இருப்பது அவனுக்குக் கஷ்டமான காரியமல்ல.

அருணகிரி நன்றாகவே பேசினார். மருமகன் சிகரெட் தொடமாட்டான், ரெஃப்ரியிடம் வாக்குவாதம் செய்யமாட்டான், சிவப்பு அட்டை வாங்கியது வாழ்க்கையில் ஒரே தடவை, அதுவும் அடுத்தவன் செய்த தப்புக்கு. அறிவுச்செல்வி இளநீரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டார். அவன் ஆடிய ஆட்டங்களின் பதிவுகளை முழுக்கப் பார்த்திருப்பதாகச் சொன்னார். இரண்டு வருடம் என்று எழுதத் தமக்குச் சம்மதம்தான், மேலிடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, வேலியோரம் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அருணகிரியால் தாங்க முடியாத ஒரே விஷயம், வாங்க வந்தவர் சும்மா இருப்பது. முகம் கறுக்கிறது என்று நினைத்துவிட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாஞ் சரிங்க அம்மணி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறன். எடது முட்டி மழைக்குச் சித்தெ வலிக்கும். மத்தபடி ஒண்ணுங் கெடையாது. பொறகு சொல்லலைன்னு சொல்லக் கூடாது பாருங்க."

குறையைக்கூட அவர் யோசித்துத்தான் பொறுக்கியிருந்தார். வெயிலுக்கு வலிக்கும் என்றால் வருடம் பூராவும் வலிக்கும் என்று அர்த்தமாகிவிடும். குளிருக்கு என்றால் வடக்கே ஷில்லாங்கில் ஆட்டம் இருக்கிறது. மழை ஒன்றுதான் பாதகமில்லாதது என்று தோன்றியது. நாமக்கல்லில் மழை என்பது பெரும்பாலும் பேப்பரில் வருகிற சமாசாரம். பெய்தாலும் வந்த சுவடு தெரியாமல் மறுநாள் புழுதி பறக்கும். ஆனால் அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தது மலபார்க்காரர்களிடம். அங்கே ஜூன் மாதம் பிடிக்கிற மழை தீபாவளிவரை விடாது.

அறிவுச்செல்வி திரும்பி இளவழகனைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். அவன் இடது முட்டியில் வாழ்க்கையில் ஒரு நாளும் ஒரு கோளாறும் வந்ததில்லை. வலது முட்டியிலும் இல்லை. அதைச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமன் பொய்யர் என்றாகும். அதோடு விதி வேறு இருந்தது. அவன் மாமனைப் பார்த்தான். மாமன் வாய் திறக்காதே என்று கண்ணைக் காட்டினார். இளவழகன் இளநீர் மட்டையைக் கீழே வைத்தான், வேறொன்றும் சொல்லவில்லை.

அறிவுச்செல்வி ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் சாலையில் ஏறி மறைந்ததும் அருணகிரி முழங்கையால் மருமகனை இடித்தார். முடிஞ்சுது போ மாப்ளே, என்றார்.

மறு வாரம் சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போகச் சொல்லி கிளப்பிலிருந்து தகவல் வந்தது. முட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. இதைக் கேட்டு அருணகிரிக்கு ஏகப்பட்ட குஷி. மெக்கானிக் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான், வாங்குகிறவனுக்கு இரண்டாவது சந்தோஷம், இனி என்ன இருக்கிறது என்றார். அக்கா வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனார்.

கிளப் டாக்டருக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. வலி இருப்பதாகக் குடும்பத்தாரே சொல்கிறார்கள், படத்தில் காரணம் தெரியவில்லை, ஆகவே இது காரணம் தெரியாத வலி என்று எழுதினார். காரணம் தெரிந்த வலிக்கு வைத்தியம் உண்டு, தெரியாத வலிக்கு என்ன செய்வது. மேலிடத்தில் இருந்தவர்கள் டாக்டர் எழுதியதைப் படித்தார்கள், வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார்கள். ஒரு வருடம் மட்டும் என்று பதில் வந்தது. பெங்களூர்ப் பக்கம் இன்னொரு கிளப்பும் இளவழகனை விசாரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் விசாரிப்பதை நிறுத்தினார்கள். இந்தியக் கால்பந்தில் பந்தைவிட வேகமாக ஓடுவது வாட்சப்.

சத்யபிரியா முழுக் கதையையும் கேட்டாள். சேலை மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"உங்க மாமா பொய் சொன்னாரு. சரி, அது அவரு தொழில். அந்தம்மா உங்களப் பாத்துத்தான கேட்டாங்க. நீங்க சொல்றதுக்கென்ன?"

கிளப்புக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொல்லச் சொன்னாள். ஒரு வருடம் என்றால் தனியாகவே போய்விட்டு வாங்கள், பெட்டி மட்டும் கட்டிக்கொடுக்கிறேன் என்றாள். இதில் கோபம் எதுவும் இல்லை. சேலைக்குச் சொன்ன விலைதான் விலை என்று லைவில் சொல்கிற அதே குரல்.

மறுநாள் இளவழகன் புதன்சந்தை போனான். அருணகிரி ராசிபுரத்துக்காரர் ஒருவருக்கு ஒரு டாரஸ் லாரியைக் காட்டிக்கொண்டிருந்தார். காட்டி முடித்துவிட்டார், கியர் கடிக்கும் என்பதையும் சொல்லி முடித்துவிட்டார், ராசிபுரத்துக்காரர் முகம் தெளிந்து முன்பணம் பற்றிப் பேச்சு வந்திருந்த நேரம். இளவழகன் மாமனைத் தனியே கூப்பிட்டான். அருணகிரி வரவில்லை. வியாபாரத்தின் நடுவில் தனியே போனால் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும். அதனால் அங்கேயே வைத்துத்தான் பேச வேண்டியதாயிற்று.

அந்தம்மாவுக்கு ஃபோன் போட்டு, சொன்னது பொய் என்று சொல்லுங்கள் என்றான் இளவழகன். அருணகிரி திடுக்கிட்டார். தம் வாயால் எப்படிச் சொல்வது, நாற்பது வருடமாக இந்தச் சாலையில் நிற்கிறேன் என்றார். அங்கே அத்தனை மழை பெய்யும் என்று எவனுக்குத் தெரியும் என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் நம்பாதவர்கள் என்ன மனுஷர்கள் என்றார். கடைசியில், தானே பேசிச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லி, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தார்.

"நாளைக்கு வேண்டாங்க மாமா. இப்பப் போடுங்க. ரெண்டு வருசமுன்னாத்தான் அமுதுவ என்கூடக் கூட்டிட்டுப் போக முடியும்."

அமுது பேரைக் கேட்டதும் அருணகிரி கொஞ்ச நேரம் டாரஸ் வண்டியின் பம்பரைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபோனை எடுத்தார். காது சரியாகக் கேட்காததால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ராசிபுரத்துக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"அம்மணி, புதன்சந்தை அருணகிரி பேசறனுங்க. அன்னிக்கு முட்டி வலின்னு சொன்னம் பாருங்க, அது பொய்யிங்க. அவனுக்கு ஒரு வலியுங் கெடையாது. ஒரு குத்தஞ் சொன்னாத்தான் நம்புவாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"தெரியுங்க," என்றார் அறிவுச்செல்வி. "எங்கப்பா ஆத்தூர்ல ஜவ்வரிசி வியாபாரம் பண்ணாரு. நல்ல மூட்டையில எல்லாம் லேசா பழுப்பு அடிக்குதுன்னு சொல்லித்தான் விப்பாரு. நீங்க நாற்காலிய இழுத்தப்பவே தெரிஞ்சுது."

தெரிந்தும் ஏன் எழுதிக்கொண்டீர்கள் என்று கேட்டார் அருணகிரி. அறிவுச்செல்வி விளக்கினார். மேலிடத்தில் ஆரம்பத்திலேயே ஒரு வருடம் போதும் என்றுதான் சொல்லியனுப்பினார்கள். தாம்தான் இரண்டு வருடத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் குறையைச் சொல்லிவிட்ட பிறகு அதை மேலே சொல்லாமல் மறைத்து, நாளைக்கு ஏதாவது நிஜமாகவே ஆகிவிட்டால் தம் வேலை போகும். இப்போது வந்து பொய் என்கிறீர்கள், அதை நான் மேலே சொன்னால், முட்டியைப் பற்றிப் பொய் சொன்னவர் வேறு எதை மறைத்தார் என்று கேட்பார்கள் என்றார். இதில் தப்புச் சொல்ல முடியாத நியாயம் இருந்தது. ராசிபுரத்துக்காரர்கூடத் தலையாட்டினார்.

அருணகிரி மறுபடி பேச வாய் திறந்தார். இளவழகன் அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கினான். ஸ்பீக்கரை அணைத்தான். முதுகுக்குப் பின்னால் எதிராளி வரும்போது பந்தை உடம்பால் மறைத்துத் திரும்புவது போல, தோளைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நடந்தான்.

அவன் சொன்னது சுருக்கமானது. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு முட்டி வலி கிடையாது என்று முதலில் சொன்னான். பிறகு, மேலே இருப்பவர்களுக்கு என் இடது முட்டியைப் பார்த்துத்தானே பயம், அப்படியானால் அந்தப் பயத்தையே எழுதிவிடுங்கள் என்றான். முதல் வருடத்தில் இடது முட்டி காரணமாக ஒரே ஒரு ஆட்டம் என்னால் ஆட முடியாமல் போனாலும் இரண்டாவது வருடம் வேண்டாம். அப்படி ஒரு ஆட்டமும் போகாவிட்டால் இரண்டாவது வருடம் தானாகவே வர வேண்டும். கோச் என்னை இறக்குவதும் உட்கார வைப்பதும் அவர் இஷ்டம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் கூடாது. முட்டி மட்டும்தான்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தான். அறிவுச்செல்வியும் சும்மா இருந்தார். வண்டிகளுக்கு நடுவில் நின்ற அருணகிரிக்கு அந்த மௌனம் அங்கிருந்தே தெரிந்தது, ஏதாவது சேர்த்துச் சொல்லிவிடு என்று கையை ஆட்டினார். இளவழகன் மரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கடைசியில் அறிவுச்செல்வி லேசாகச் சிரித்தார். இதை மேலே விற்க முடியும் என்றார். சாயங்காலத்துக்குள் சொல்வதாகச் சொன்னார், சாயங்காலத்துக்குள் சொல்லவும் செய்தார். இல்லாத வலிக்குப் பாதுகாப்பு கிடைத்ததில் கிளப் முதலாளிகளுக்குத் திருப்தி.

இளவழகன் ஃபோனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது ராசிபுரத்துக்காரர் அருணகிரியிடம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த வண்டீல மூணாவது கியர் கடிக்காதுங்களா?"

அருணகிரி கடிக்காது என்று ஒத்துக்கொண்டார்.

"கடிக்காததக் கடிக்கும்ன்னீங்கன்னா, கடிக்கிறது வேற எதோ இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு ராசிபுரத்துக்காரர் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த டாரஸ் வண்டி ஆடி கழிந்து ஆவணி வரை வேலியோரம் நின்றது. விஷயம் சாலை நெடுகப் பரவி, புதன்சந்தை டீக்கடைகளில் அருணகிரியைப் பார்த்ததும் முட்டி எப்படி இருக்குதுங்க என்று விசாரிப்பவர்கள் அதிகமானார்கள்.

ஒப்பந்தத்தில் முட்டி பற்றி எழுதிய ஷரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு சத்யபிரியா ஒரே கேள்விதான் கேட்டாள். முட்டி நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றான். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து வந்து மறுபடி கேட்டாள். மறுபடியும் சொன்னான். அமுதுவின் பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கப் போனாள். சேலைக் கட்டுகள் தனியாகப் பார்சலில் போயின.

போய் இறங்கிய அன்று மழை. மறுநாளும் மழை. வாடகை வீட்டு ஓட்டின் மேல் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு இளவழகன் விடிகாலையில் படுக்கையிலேயே இடது காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஏதோ இருப்பது போலவும் இருந்தது. பக்கத்தில் அமுது வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவன் முட்டியை ஒரு துண்டால் மூடிக்கொண்டான்.

முதல் சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தான். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுப் பழகினார்கள். சத்யபிரியா கணவனின் ஆட்டத்தைப் பார்க்க ஒன்றிரண்டு தடவை வந்தாள். இவர் எதற்காக ஓடுகிறார், எதற்காக நிற்கிறார் என்பது புரியாமல் பாதியில் ஃபோனில் ஆர்டர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் அவன் ஆட்டத்தில் ஒரு சின்ன மாறுதல் வந்திருந்தது. கோச் கவனித்தார், என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. பந்தைப் பறிக்க எந்தக் கால் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தக் காலைப் போடுவதுதான் வழக்கம். இளவழகன் எல்லாவற்றுக்கும் வலது காலையே போட்டான். இடது கால் கிட்டத்தில் இருந்தாலும் உடம்பை முறுக்கி வலதைக் கொண்டுவந்தான். இடது முட்டி இப்போது முட்டியாக இல்லை, அமுதுவின் பள்ளிக்கூடமாக, வாடகை வீடாக, அடுத்த வருடமாக இருந்தது. அதை யார் காலுக்கு முன்னாலும் நீட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

பிப்ரவரியில் வெளியூர் ஆட்டம் ஒன்றில், இடது காலால் தட்டிவிட வேண்டிய ஒரு பந்துக்கு வலது காலைக் குறுக்கே போட்டான். எதிராளியின் மொத்த எடையும் கணுக்காலில் இறங்கியது. தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, அந்த சீசன் அத்தோடு சரி.

கிளப் முதலாளிகள் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் படித்தார்கள் என்று பின்னால் தெரியவந்தது. வலது கணுக்கால் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவர்கள் கவனம் முழுக்க முட்டியில் இருந்தது. ஏப்ரல் மாதக் கடைசியில் அறிவுச்செல்வி ஃபோன் செய்தார். நலம் விசாரித்தார், கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டார், பிறகு குரலில் எந்த மாறுதலும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இடது முட்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க."

"சரி," என்றார் அவர். இரண்டாவது வருடத்துக்கான காகிதம் அடுத்த வாரம் வந்து சேர்ந்தது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அருணகிரி, தாம் அன்றைக்குச் சரியான உறுப்பைத்தான் சொல்லியிருப்பதாகப் புதன்சந்தையில் பேச ஆரம்பித்தார்.

அந்த இரண்டாவது வருடத்தில் இளவழகன் ஆடியது கொஞ்சம்தான். கால் ஆறியது, ஆனால் சட்டென்று திரும்பும்போது பழைய வேகம் இல்லை. அவன் இடத்துக்கு மணிப்பூர்ப் பையன் ஒருவன் வந்துவிட்டான், நல்ல பையன், ஓடிக்கொண்டே இருப்பான். இளவழகனைக் கடைசிப் பத்து நிமிடங்களில் இறக்குவார்கள், பல ஆட்டங்களில் அதுவும் இல்லை. பெயர்ப் பட்டியலிலேயே இல்லாத நாட்களில் சத்யபிரியாவோடும் அமுதுவோடும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயசுக்குப் பிறகு அவன் மேலே உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள் அவைதான்.

அப்படி ஒரு நாள், ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, மணிப்பூர்ப் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டான். நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் விழுந்தது. எதிரணி அதன் வழியாக இரண்டே தட்டில் வந்து கோல் போட்டது. அரங்கம் முழுக்க கோல்கீப்பரைத் திட்டியது. அமுதுகூட மலையாளத்தில் திட்டினாள்.

சத்யபிரியா கோல்கீப்பரைப் பார்க்கவில்லை. மைதானத்தின் நடுவில் யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோன் மடியில் கிடந்தது.

"அங்கதான நீங்க நிப்பீங்க?" என்றாள்.

ஆமாம் என்றான்.

"அந்தப் பையன் அங்க இருந்திருந்தா வந்திருக்காது."

"வந்திருக்காது."

"இன்னிக்கு நீங்க ஆடியிருந்தா?"

மைதானத்தில் பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். மணிப்பூர்ப் பையன் இந்தத் தடவை சரியான இடத்தில் போய் நின்றான்.

"அது எங்க வரும்னு முன்னாடியே தெரிஞ்சுது," என்றான். "ஆனா இந்தக் காலோட அங்க போய்ச் சேந்திருக்க மாட்டேன்."

சத்யபிரியா தலையாட்டினாள். இதை அவள் ஒரு நல்ல சேதியைப் போலவும் எடுத்துக்கொள்ளவில்லை, கெட்ட சேதியைப் போலவும் எடுத்துக்கொள்ளவில்லை. மழை தூற ஆரம்பித்தது. அமுது தன் பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, மூன்று பேர் தலைக்கும் எட்டவைக்கப் பார்த்தாள், எட்டவில்லை. இளவழகன் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, அதற்குள் ஆட வேண்டியிருந்த ஆட்டங்கள் இன்னும் கொஞ்சம் இருந்தன, அவற்றை யார் ஆடுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் மூவரும் மழையிலேயே நடந்து வீட்டுக்குப் போனார்கள்.